ஒன்பதில் நின்ற மூச்சு

ஆவாரங்குளம் மிளகாய் வத்தல் களத்தில் யோகா வகுப்புக்கு உட்கார்ந்த பதினேழு பேர், இழுத்த மூச்சை விடாமலேயே பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனது ஒரு மாசிச் செவ்வாய்க்கிழமை காலை ஏழு இருபதுக்கு, முதல் வத்தல் லாரி பின்பக்கமாகக் களத்துக்குள் வந்து ஹாரன் அடித்தபோது. அதற்கு மேல் உட்கார்ந்திருந்தால் தலையில் மூட்டை விழும் என்பதால் எழுந்தார்களே தவிர, மூச்சை விடலாம் என்று மாஸ்டர் சொல்லவில்லை, சொல்வதற்கு மாஸ்டர் அங்கே இல்லை.

தயாளன் மாஸ்டர் அந்த ஊருக்கு வந்தது தை முதல் வாரத்தில். தோளில் ஒரு பை, வெள்ளை ஜிப்பா, முகத்தில் மெலிதான பவுடர் வாசனை. பஸ் ஸ்டாண்டு லாட்ஜில் மாடி அறை எடுத்தார். வத்தல் கமிஷன் கடைக்காரர்களிடம் போய், லோடு வருவதற்கு முன் காலையில் சிமெண்டுக் களம் சும்மாதானே கிடக்கிறது, ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், ஊருக்கு யோகா சொல்லித் தருகிறேன் என்றார். அந்த ஊரில் வருஷத்தில் எட்டு மாதம் காற்றில் மிளகாய் நெடி இருக்கும், இருமல் அங்கே நோய்க்கணக்கில் வராது, பேச்சுக்கு நடுவே நிறுத்தற்குறி போல வந்து போகும். மாஸ்டர் முதல் நாளே மூன்று விதிகள் சொன்னார். கண்ணைத் திறக்கக் கூடாது. அவர் 'விடுங்க' என்று சொல்லாமல் மூச்சை விடக் கூடாது. நடுவில் விட்டவர்கள் மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

"இழுக்குறது கால் வைத்தியம், நிறுத்துறது அரை வைத்தியம்" என்பார் அவர். "மிச்சம் முழுக்க விடுறதுலதான் இருக்கு. அந்த முறையை நாற்பத்தெட்டாம் நாள் சொல்றேன். அந்த முறைப்படி விட்டா உள்ள இருக்கிற சீக்கு வேரோட வெளிய போயிரும். முறை தெரியாம விட்டா, போனதெல்லாம் திரும்பி வந்துரும்."

அந்தப் பேச்சை ஊரில் முழுதாக நம்பியவள் சண்முகக்கனி. அருஞ்சுனை அண்ணாச்சி வத்தல் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் காம்பு கிள்ளும் வேலை அவளுக்கு, வயது நாற்பத்துமூன்று, அதில் இருபது வருஷம் இளைப்பு. இருபது வருஷமாக அவள் படுத்துத் தூங்கியதில்லை, சுவரில் மூன்று தலையணையைச் சாத்தி அதில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாள், கைக்கெட்டும் இடத்தில் இன்ஹேலர் இருக்கும். வகுப்பில் சேர்ந்த பன்னிரண்டாம் நாள் அவள் மல்லாந்து படுத்து விடியும்வரை தூங்கினாள். காலையில் எழுந்து விட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டின் விட்டத்தில் பல்லி முட்டை இருப்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு தெருத்தெருவாகப் போய், வாங்க, நான் சொல்லுதேன்ல, என் மூச்சைப் பாத்துட்டு வாங்க என்று கூப்பிட்டு அழைத்து வந்தாள். பதினேழு பேரில் பதினோரு பேர் அவள் வாக்கில் வந்தவர்கள். தினமும் காலை ஐந்தரைக்கு மாஸ்டருக்கு இட்லியும் சட்னியும் பெயர் வெட்டிய எவர்சில்வர் தூக்குவாளியில் கொண்டுபோய் வைப்பாள், வகுப்பு முடிந்து கண்ணைத் திறந்தால் காலியான வாளி அவள் பாய்க்குப் பக்கத்தில் இருக்கும், அதில் ஒரு வாழைப்பழமோ இரண்டு கல்கண்டோ போட்டிருக்கும்.

அந்தப் பக்கத்தில் யார் வீட்டுப் பாத்திரத்தையும் வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒரு கைப்பிடி அரிசி, ஒரு சில்லுக் கருப்பட்டி, எதுவும் இல்லாவிட்டால் இரண்டு கறிவேப்பிலையாவது கிள்ளிப் போட்டுத்தான் கொடுப்பார்கள். வெறும் பாத்திரம் வீடு திரும்பினால் இனி உங்களோடு எங்களுக்குப் பேச்சில்லை என்று அர்த்தம். அதை வாயால் சொல்லிய சண்டைகள் தீர்ந்திருக்கின்றன, பாத்திரத்தால் சொல்லிய சண்டைகள் தீர்ந்ததில்லை. வெளியூர்க்காரரான மாஸ்டர் யாரும் சொல்லாமலே அதை அறிந்து நடந்துகொண்டது சண்முகக்கனிக்கு அவர் மேல் இருந்த நம்பிக்கையில் பாதி.

நாற்பத்தேழாம் நாள் காலை, ஆசனங்கள் எல்லாம் முடிந்து, எல்லோரும் சம்மணமிட்டு முதுகை நிமிர்த்திக் கண்ணை மூடியிருந்தார்கள். மாஸ்டர் இழுங்க என்றார், இழுத்தார்கள். நிறுத்துங்க என்றார், நிறுத்தினார்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினார். வழக்கமாகப் பன்னிரண்டு வரை எண்ணி, விடுங்க என்பார். அன்று ஒன்பது வரை எண்ணினார். பத்து வரவில்லை. பதினேழு பேரும் பத்துக்காகக் காத்திருந்தார்கள். முதலில் நெஞ்சு முட்டியது, பிறகு காது அடைத்தது, பிறகு முட்டல் தானாக அடங்கி, ஒரு குளத்தின் அடியில் உட்கார்ந்திருப்பதுபோல அமைதியானது. மாஸ்டர் சோதிக்கிறார் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக நினைத்துக்கொண்டார்கள். நாற்பத்தேழு நாளைத் தொலைத்துவிட்டு முதல் நாளிலிருந்து தொடங்க ஒருவருக்கும் மனமில்லை. முக்கால் மணி நேரம் கழித்து லாரி வந்தது.

வீட்டுக்குப் போனவர்கள் குளித்தார்கள், சாப்பிட்டார்கள், வேலைக்குப் போனார்கள். மூச்சு விடாதவர்களால் பேச முடியாது, அது ஒன்றுதான் குறை. மத்தியானத்துக்குள் புத்தகக் கடையில் சிலேட்டு தீர்ந்துவிட்டது. சாயங்காலம் டாக்டரிடம் வரிசையில் நின்றார்கள். அவர் ஒவ்வொருவர் நெஞ்சிலும் குழாயை வைத்துக் கேட்டு, "நாடி நல்லாருக்கு, பிரஷர் என்னையவிட நல்லாருக்கு, மூச்சு மட்டும்தான் இல்ல" என்று சொல்லி வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பத்து நாளில் ஊருக்குப் பழகிவிட்டது. கல்யாண வீடுகளில் ஓமப் புகைக்கு அருகில் அவர்களை உட்கார வைத்தார்கள். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்க அவர்களைக் கூப்பிட்டார்கள். குறட்டை விடாத புருஷன்களைப் பற்றிப் பெண்களும், பதில் பேசாத பெண்டாட்டிகளைப் பற்றி ஆண்களும் திருப்தியாகப் பேசிக்கொண்டார்கள். சண்முகக்கனியின் கணவன் ஐகோர்ட்துரை லாரி டிரைவர், லோடு இறக்கிவிட்டு எட்டு நாள் கழித்து ஊர் வந்தவனிடம் டீக்கடையில், "கொடுத்து வச்சவன்லே நீ. அந்த மாஸ்டர் மறுபடி வந்தா என் வீட்டுக்காரிக்கும் ஒரு பாய் போடச் சொல்லு" என்றார்கள். அவன் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனான். வீட்டில் அவள் சிலேட்டில் சாப்பிட்டாச்சா என்று எழுதிக் காட்டினாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

கிட்டங்கியில் அருஞ்சுனை அண்ணாச்சிதான் முதலில் இதன் பயனைக் கண்டார். வத்தல் மூட்டையைப் பிரித்தால் காம்பு கிள்ளும் பெண்கள் இருமி இருமிக் கண்ணில் நீர் வழிய வேலையை நிறுத்திவிடுவார்கள். காற்றுக்காகக் கதவைத் திறந்தால் வத்தலின் நிறம் போய்விடும். மூச்சு விடாதவர்களுக்கு அந்தத் தொந்தரவு இல்லை. கதவை அடைத்துவிட்டு உள் அறையில் சண்முகக்கனியையும் இன்னும் நான்கு பேரையும் உட்கார வைத்தார். மற்றவர்களை வெளியே வெயிலில் கூளம் பொறுக்க அனுப்பினார். இருபது வருஷம் அவளோடு ஒரே சாக்கில் உட்கார்ந்து இருமிய அன்னலெச்சுமி, கதவு இடுக்கு வழியாகச் சொன்னாள்.

"ஏ கனி, நீ மூச்சை அடக்குனதோட எங்க பொழப்பையும்ல சேத்து அடக்கிட்ட."

சண்முகக்கனி சிலேட்டை எடுத்தாள். இடுக்கு வழியாகச் சிலேட்டு போகாது.

களத்துக்கு எதிர் டீக்கடைப் பரமன் உண்மையைச் சொன்னது மூன்று மாதம் கழித்து. அதுவரை ஏன் சொல்லவில்லை என்றதற்கு, கேட்டாத்தான சொல்லணும் என்றார். அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் பாய்லருக்குக் கரி போட்டுக்கொண்டிருந்தபோது மாஸ்டர் எழுந்ததைப் பார்த்திருக்கிறார்.

"ஒம்பதுன்னு சொல்லிட்டு வாட்ச்சைப் பாத்தாரு. எந்திரிச்சாரு. செருப்பை மாட்டல, கையில எடுத்துக்கிட்டாரு. இந்தக் கையில செருப்பு, அந்தக் கையில ஒன் தூக்குவாளி. பூனை கணக்கா நடந்து போயி ஆறு நாப்பது பஸ்ல ஏறிட்டாரு. ஏறினப்புறம்தான் செருப்பை மாட்டுனாரு தாயி."

சண்முகக்கனி நெடுநேரம் யோசித்து எழுதினாள்: செருப்பு யார் பாய் மேலயும் பட்டுறக் கூடாதுன்னு எடுத்திருப்பாக. பிறகு அதன் கீழே இன்னொரு வரி: வாளி அவுககிட்டதான் இருக்கு, வருவாக.

ஊரார் அதைப் படித்துவிட்டுக் கலைந்து போனார்கள். ஆனால் மூச்சு நின்றவர்களின் நடுவில் அன்றிலிருந்து ஒரு விரிசல் விழுந்தது. முதலில் விட்டவள் பாத்திரக்கடை செல்வராணி. மருமகள் சாம்பாரில் புளி கரைத்த விதம் பற்றிச் சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தவள், சிலேட்டு போதாமல், வாயைத் திறந்து கத்திவிட்டாள். மூன்று மாதத்துக்கு முந்தைய அந்தச் செவ்வாய்க்கிழமைக் காற்று அவள் வாயிலிருந்து கெடாமல் வெளியே வந்தது. களத்து மிளகாய் நெடியும், பரமன் கடையின் முதல் டிக்காஷன் வாசமும், மாஸ்டரின் பவுடரும் வந்தன. வீட்டில் இருந்த ஒன்பது பேரும் தும்மினார்கள். சாயங்காலத்துக்குள் அவளுடைய முழங்கால் வலி திரும்பி வந்துவிட்டது. அதற்குப் பிறகு தமிழ் வாத்தியார் விட்டார், ஒரு செய்யுளை நடத்தாமல் இருக்க முடியவில்லை. ஜவுளிக்கடைக்காரரும் அவர் தம்பியும் ஒரே நாளில் பேசி வைத்துக்கொண்டு விட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் தும்மல் கேட்கும், ஒரு நோய் வீடு திரும்பும், மறுநாளிலிருந்து அந்த வீட்டுக்காரர் களத்துப் பக்கமே திரும்ப மாட்டார். நான் யோகாவுக்கா, நான் எங்க வந்தேன், ரெண்டு நாள் சும்மா வேடிக்கை பாக்க வந்தேன் என்பார்கள். சண்முகக்கனி எதிரே வந்தால் தெருவின் அந்தப் பக்கத்துக்கு மாறுவார்கள். தானாக வந்த ஐந்து பேரும், அவள் வாக்கில் வந்த பதினோரு பேரில் பத்துப் பேரும் அப்படி மாறினார்கள்.

மிஞ்சிய ஒருவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் மந்திரமூர்த்தி. முப்பத்தோரு வருஷம் ஊதிய விசில் இன்னமும் அவர் சட்டைப் பையில் இருந்தது, ஊதத்தான் மூச்சில்லை. ஏன் இன்னும் விடாமல் இருக்கீக என்று யாராவது கேட்டால் எப்போதும் ஒரே பதிலை எழுதுவார்: விசில் வராம வண்டியை எடுக்கக் கூடாது. ஒருமுறை நகராட்சி சுகாதார ஆய்வாளர் அவர் வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தி, மார்க்கெட் பின்னால் கழிவுநீர்த் தொட்டி அடைத்துக்கொண்டிருக்கிறது, உள்ளே விஷவாயு, "உங்களுக்கு என்ன, மூச்சா முட்டப் போகுது?" என்றார். கண்டக்டர் சிலேட்டைத் துடைத்துப் பொறுமையாக எழுதினார்: முதல்ல நீங்க ஏறுங்க சார், டிக்கெட் நான் கிழிக்கேன். ஜீப் போய்விட்டது.

தினமும் காலை ஐந்தரைக்கு அவர்கள் இருவரும் களத்துக்கு வந்து பாய் விரித்து, ஆசனங்களை முறையாகச் செய்து, கடைசியில் சம்மணமிட்டுக் கண்ணை மூடிப் பத்து என்ற சொல்லுக்காக உட்கார்ந்திருந்தார்கள். கண்டக்டர் உட்கார்ந்தது ஒழுங்குக்காக. சண்முகக்கனி உட்கார்ந்ததில் பயமும் கலந்திருந்தது. முறை தெரியாமல் விட்டால் இளைப்பு திரும்பும், மூன்று தலையணையும் சுவரும் திரும்பும். விடாமலே இருந்தாலோ அவள் பேச்சு போய்விட்டது. மகள் பவானி பன்னிரண்டாம் வகுப்பு படித்தாள். மார்க் குறைந்த ஒரு நாள் பேப்பரை அம்மாவின் மடியில் வைத்துவிட்டு நின்றாள், அம்மா சிலேட்டைத் தேடுவதைப் பார்த்துவிட்டு, "எழுதாதம்மா. ஒரு தடவையாவது சத்தம் போட்டுத் திட்டேன்" என்றாள். சண்முகக்கனி எழுதினாள்: அவுக வரட்டும்.

பவானி அந்தச் சிலேட்டை வாங்கி, எச்சில் தொட்டு அழித்து, திருப்பிக் கொடுத்தாள்.

ஒரு வருஷமும் எட்டு மாதமும் கழிந்தபின், கொங்குப் பக்கம் வத்தல் லோடு கொண்டுபோன ஐகோர்ட்துரை ஒரு கல்யாண மண்டப வாசலில் பிளெக்ஸ் பார்த்தான். வெள்ளை ஜிப்பா, அதே முகம். நாற்பத்தெட்டு நாள் மூச்சுப் பயிற்சி, தொடங்கும் தேதி போட்டிருந்தது. போனில் படம் எடுத்துவந்து மனைவியிடம் காட்டினான். "கிழிச்சுப் போட்டுட்டு வந்திருப்பேன். நீ பாக்கணுமேன்னுதான் விட்டுட்டு வந்தேன்" என்றான். அவள் காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணினாள். நாற்பத்தேழாம் நாள் எது என்று கண்டுபிடித்து வட்டம் போட்டாள். அன்றைக்குப் போய் வகுப்பின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டால் ஒன்பதுக்குப் பிறகு பத்து வரும், பத்துக்குப் பிறகு எல்லாம் வரும், மறுநாள் விடும் முறையும் வரும் என்பது அவள் கணக்கு. கண்டக்டரும் பெட்டியோடு கிளம்பினார்.

பஸ்ஸில் மந்திரமூர்த்தி தன் பழக்கத்தில் பின்படிக்கட்டு ஒற்றை இருக்கையில் உட்கார்ந்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் விசிலை உதட்டில் வைத்து எடுத்துக்கொண்டே வந்தார். விடிகிற நேரத்தில் மண்டபத்துக்கு முன் இறங்கினார்கள். அவர் பெட்டியோடு கேட்டுக்கு வெளியே கல்லில் உட்கார்ந்துகொண்டார், அவள் சமையல்கட்டுப் பக்கத்துக் கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள். இருநூறு பேருக்கு மேல் இருப்பார்கள். சாப்பாட்டுப் பந்தி போல வரிசையாக உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தார்கள், முதுகெல்லாம் நேராக இருந்தது. மேடையில் மாஸ்டர். அந்தக் குரல் மாறவில்லை.

இழுங்க என்றது குரல். நிறுத்துங்க என்றது. ஒன்று, இரண்டு, மூன்று. சண்முகக்கனி கதவைப் பிடித்துக்கொண்டு தானும் கண்ணை மூடினாள். ஏழு, எட்டு, ஒன்பது.

பத்து வரவில்லை. கண்ணைத் திறந்தாள். மாஸ்டர் வாட்ச்சைப் பார்த்துவிட்டு எழுந்து, மேடை ஓரத்தில் வைத்திருந்த பையைத் தோளில் மாட்டி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வரிசைகளுக்கு நடுவே ஓசைப்படாமல் நடந்து அவள் நின்ற கதவுக்கே வந்தார்.

அவளைப் பார்த்ததும் கொஞ்சம் நின்றார். பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கமாக அவளை நகர்த்திக் கூட்டிக்கொண்டுபோய், குரலைத் தாழ்த்தினார்.

"சண்முகக்கனி அக்காதானே. நல்லா இருக்கீங்களா?"

அவள் சிலேட்டை எடுக்கவும்தான் அவருக்குப் புரிந்தது.

"இன்னுமா விடலை நீங்க?"

அவள் எழுதினாள்: நீங்க சொல்லல.

"நான் சொல்லலைன்னா... அக்கா, மூச்சு முட்டினா மனுஷன் தானா விட்டுருவான்னு நெனச்சேன். எல்லா ஊர்லயும் அப்படித்தான் விட்டாங்க."

சொல்லிட்டுப் போயிருக்கலாமே என்று எழுதினாள்.

"எல்லாரும் கண்ணை மூடிட்டு இருந்தீங்க. யார்கிட்ட சொல்றது?"

அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. நியாயமான ஒரு பதிலைச் சொல்லும் முகத்தோடுதான் சொன்னார். சண்முகக்கனி சிலேட்டை முந்தானையால் துடைத்து, இத்தனை நாள் கேட்க வைத்திருந்ததைப் பெரிய எழுத்தில் எழுதினாள்: விடுற முறை?

அவர் படித்தார். உள்ளே இருநூறு பேர் சத்தமில்லாமல் இருந்தார்கள்.

"அது எனக்குத் தெரியாதுக்கா" என்றார். "எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒன்பதுல எந்திரிச்சுப் போயிட்டார். மூணு நாள் பிடிச்சு வச்சிருந்தேன். பஸ்ல ஒரு தும்மல் வந்துச்சு, போயிருச்சு. இழுக்கிறதும் நிறுத்துறதும்தான் நான் படிச்சது. தெரிஞ்ச வரைக்கும் சொல்லிக் கொடுத்துட்டுப் போறேன், வேற என்ன பண்ணச் சொல்றீங்க?"

வெளியே ஆட்டோ ஒன்று வந்து நின்றது. அவர் கிளம்பத் திரும்பியவர், ஏதோ நினைவு வந்தவராகப் பையின் ஓரத்தில் தொங்கிய தூக்குவாளியைக் கழற்றினார். அதற்குள் இருந்த டூத் பிரஷ், பேஸ்ட், சோப்பு டப்பா மூன்றையும் எடுத்துப் பைக்குள் போட்டார். வாளியைத் தொட்டித் தண்ணீரில் ஒரு அலசு அலசி, கவிழ்த்து உதறி அவளிடம் நீட்டினார்.

"உங்களோடதுதான். ரொம்ப நாளா கொடுக்கணும்னு இருந்தேன்."

மூடியில் ஐ. சண்முகக்கனி என்று வெட்டியிருந்த எழுத்துகள் தேய்ந்திருந்தன. அவள் வாளியைத் திறந்து உள்ளே பார்த்தாள். திரும்பவும் மூடினாள். இன்னொரு முறை திறந்து பார்த்தாள். ஆட்டோ கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

அவள் முன்னால் இப்போது இரண்டே வழி இருந்தது. முறை என்று ஒன்று இல்லை, எனவே விட்டால் இளைப்பு வரும். விடாவிட்டால் வராது, பேச்சில்லாமல், இளைப்பில்லாமல், மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டு எத்தனை வருஷம் வேண்டுமானாலும் இருந்துவிடலாம், அதை இனி யாருக்காகவும் காத்திருப்பது என்று சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. அவள் கதவுக்குத் திரும்பி வந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் பாய்க்குப் பக்கத்தில் ஒரு இன்ஹேலர் இருந்தது, நீல நிறம், அவளுடையதைப் போலவே. பக்கத்தில் ஒரு டிபன் பாக்ஸ், ஈரத்துணியில் சுற்றியது, யாருக்கென்று சொல்ல வேண்டியதில்லை.

சண்முகக்கனி வாயைத் திறந்து, "விடுங்க" என்றாள்.

ஒரு வருஷம் ஒன்பது மாதம் பழைய குரல். ஒரு சொல்லுக்கு அவ்வளவு காற்று தேவையில்லை, ஆனால் எல்லாம் வந்தது. ஆவாரங்குளம் வத்தல் களத்தின் மாசி மாதக் காலை முழுவதும் அந்தக் கல்யாண மண்டபத்துக்குள் நெடியாக இறங்கியது. பின்னால் இருந்த நான்கு வரிசைகள் தும்மின. நாற்பத்திரண்டு பேர் தும்மி, இருமி, கண்ணைக் கசக்கி, மூச்சு விட்டார்கள். முன்வரிசைகளுக்கு நெடி எட்டவில்லை. அங்கே சிலர் ஒரு கண்ணைத் திறந்து, மேடையில் மாஸ்டர் இல்லை என்பதைப் பார்த்து, சொன்னது மாஸ்டரின் குரல் இல்லை என்பதையும் உறுதிசெய்துகொண்டு, முன்பைவிட இறுக்கமாகக் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

நீல இன்ஹேலர் வைத்திருந்த பெண் தும்மி முடித்து மூக்கைத் துடைத்தபடி திரும்பினாள். "ஏனுங் அம்மிணி, யாருங் நீங்க? நாப்பத்தேழு நாள் உக்காந்ததெல்லாம் போச்சுங்க. நாளைக்கு ஒரு நாள்தானுங் பாக்கி."

சண்முகக்கனி வாளியைக் காட்டினாள். அந்த ஊர்க்காரிக்கு அது ஒரு வாளி, அவ்வளவுதான்.

"மாஸ்டர் வெளிய போயிருக்காருங்க, வந்துருவாரு. நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் போறீங்களா?" என்று சொல்லிவிட்டு அவள் முதுகை நிமிர்த்தி, மறுபடி மூச்சை இழுத்துப் பார்த்தாள்.

பதில் சொல்லச் சண்முகக்கனியிடம் மூச்சு இல்லை. நெஞ்சுக்குள் அந்தப் பழைய சத்தம், கதவின் துருப்பிடித்த கீல் போன்ற சத்தம், எங்கும் போகாமல் பக்கத்து அறையில் இருந்ததுபோல வந்து உட்கார்ந்துகொண்டது. அப்போது கேட்டுக்கு வெளியே இரண்டு விசில் கேட்டது, நீளமாக, ஒன்றன்பின் ஒன்றாக. மந்திரமூர்த்திக்கு விடுங்க என்ற சொல் காதில் விழுந்திருக்கிறது. யார் குரல் என்று அவர் பார்க்கவில்லை. அந்த இரட்டை விசிலைத் தன் வண்டிக்கு ரைட் என்று நினைத்து வாசலில் நின்ற டவுன் பஸ் டிரைவர் கியரைப் போட்டு எடுத்துவிட்டார். அந்த வண்டியின் கண்டக்டர் டீ கிளாஸோடு பின்னால் ஓடினார்.

திரும்பி வரும் வழியில் மந்திரமூர்த்தி ஊர்ப் பெயர்ப் பலகைகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துக்கொண்டு வந்தார். மதுரை தாண்டியதும், "தாயி, நீ சொன்னதும் விட்டுட்டேன். சரிதான?" என்றார். அவள் தலையசைத்தாள். மடியில் வாளி இருந்தது. பஸ் நின்ற இடத்தில் அவர் ஒரு பொட்டலம் கடலை வாங்கி, வெறும் பாத்திரமா வீட்டுக்குப் போக வேண்டாம், இதைப் போட்டுக்கோ என்று நீட்டினார். அவள் வாங்கி, பிரித்து, பாதியை அவருக்குக் கொடுத்து, மீதியைத் தின்றாள். வாளியில் போடவில்லை.

வீட்டுக்குள் நுழையும்போதே அவள் இளைக்கும் சத்தம் கேட்டு, ஐகோர்ட்துரை பரணிலிருந்து பழைய தலையணைகளை இறக்கத் தொடங்கினான். பவானி வாசல்படியில் நின்றாள். சிலேட்டைக் கொண்டுவர உள்ளே திரும்பியவள், அம்மாவின் கழுத்து நரம்பு ஏறி இறங்குவதைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டாள்.

"என்னம்மா சொன்னாரு மாஸ்டர்?"

சண்முகக்கனி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் வெகுநேரம் மூச்சைத் தேடினாள். வாளியைத் திறந்து, மகளுக்குத் தெரியும்படி வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள்.

"ஒண்ணும் போடாம" என்றாள், "குடுத்துட்டான்."